ஓரத்தில் இருக்கும் இலக்கம்

இலங்கை மலையகத் தோட்டங்களின் லயத்துக் காம்பராக்களில் முக்கியமான காகிதங்கள் பெரும்பாலும் ட்ரங்குப் பெட்டியின் அடியில், பொலித்தீன் பைக்குள், நான்காக மடிந்து கிடக்கும். பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம், பழைய சம்பளத் துண்டு, இந்தியாவுக்குப் போன உறவுக்காரரின் கடவுச்சீட்டுப் பிரதி எல்லாம் அதற்குள்தான். அட்டன், நுவரெலியா பக்கத் தோட்டங்களில் இவற்றைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் இளைஞர்களின் வேலையில் நான் கூர்ந்து பார்க்க விரும்பியது ஒரு சின்னக் காரியத்தை: சாய்ந்து விழுந்த படத்தைத் திருப்பி நேராக்குவது. காம்பராவுக்குள் வெளிச்சம் வாசல் வழியாகத்தான் வரும். மடிப்பு விழுந்த தாள் படிந்து கிடக்காது. கையில் இருப்பது போன். இரண்டு மூன்று பாகை சாயாமல் படம் வந்தால்தான் அதிசயம். அதை நேராக்கும் நிரலில் ஒரு வரி கவனமில்லாமல் போனால் தாளின் மூலைகள் வெட்டுப்படும். இதை அழகுக் குறை என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. ஓர் ஆவணம் சேதப்படுகிறது என்றே சொல்வேன்.

கணக்கு எளியதுதான். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எடுத்தால் படம் 2480 புள்ளி அகலம், 3508 புள்ளி உயரம். அதை 3 பாகை திருப்பினால், பழைய அகலத்தைக் கோசைனாலும் பழைய உயரத்தைச் சைனாலும் பெருக்கிக் கூட்டிய அளவு புதிய அகலமாகும். உயரத்துக்குச் சைனும் கோசைனும் இடம் மாறும். வருவது 2661க்கு 3633. படத்தின் பழைய சட்டத்துக்குள்ளேயே, அதாவது பழைய அகல உயரத்துக்குள்ளேயே, திருப்பினால் எதிரெதிரான இரண்டு மூலைகள் பக்கவாட்டில் ஏறத்தாழ 90 புள்ளியும், மற்ற இரண்டும் மேலும் கீழுமாக 62 புள்ளியும் வெளியே போய்விடும். 90 புள்ளி என்றால் தாளில் ஏழரை மில்லிமீட்டர். பைத்தனின் பில்லோ நிரலகத்தில் 'எக்ஸ்பாண்ட்' என்ற தெரிவை நாமே இயக்காவிட்டால் சட்டம் விரியாது. ஓப்பன்சிவி நிரலகத்தில் புதிய அளவை நாமே கணக்கிட்டுக் கொடுத்து, படத்தின் நடுவைப் புதிய சட்டத்தின் நடுவுக்கு நகர்த்தவும் வேண்டும். நகர்த்த மறந்தால் சட்டம் பெரிதாகியும் ஒரு பக்கம் வெட்டுப்படும். எந்தத் தவறுக்கும் பிழைச் செய்தி வராது. நூற்றுக்கணக்கான படங்கள் ஒரே மூச்சில் ஓடி முடியும்.

ஏழரை மில்லிமீட்டரில் என்ன இருந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். பல பத்திரங்களில் பதிவு இலக்கம் மேல் மூலையில். முத்திரையின் பாதி கீழ் ஓரத்தில். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், மணமானவர் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபிக்கச் சொன்னது. இந்தியாவுடன் செய்த 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடும்பங்கள் பிரிந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை குடியுரிமைக் கேள்வி தொடர்ந்தது. இத்தனை காலமும் இங்கே ஒரு மனிதர் யார் என்பதைத் தேதியும் இலக்கமும் முத்திரையும்தான் சொல்லிவந்தன. நூலக நிறுவனம் 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்துகிறது. கம்பளைக்கு அருகே தோட்டத் தொழிலாளருக்கான அருங்காட்சியகம் 2007 முதல் ஒரு லயத்திலேயே இருக்கிறது. ஆனால் பெரும்பாலான காகிதம் இன்னும் வீடுகளில்தான். மலையின் ஈரத்தில் மூலத்தாள் பூஞ்சணம் பிடித்துப் போனால், எஞ்சுவது இந்தப் படம் ஒன்றே.

படத்தின் சட்டத்தை விரித்தால் கோப்பு பெரிதாகும் என்பது நியாயமான மறுப்பு. மேற்சொன்ன தாளில் புள்ளிகள் 11 வீதம் கூடுகின்றன. ஆனால் கூடுவது ஒரே நிறத்து வெற்றிடம். சுருக்கும்போது அது மிகக் குறைவாகவே எடையேற்றும். இன்னொரு மறுப்பு வலுவானது: மூலையில் விழும் கறுப்பு முக்கோணங்கள் எழுத்துணரியைக் குழப்பும். உண்மைதான். அதற்கு நிரப்பும் நிறத்தை மாற்றவேண்டும், தாளை வெட்டக் கூடாது. தாளின் ஓரம் தெரியட்டும் என்று கறுப்புத் துணி விரித்துப் படமெடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். துணியும் கறுப்பு, நிரப்பியதும் கறுப்பு என்றால் தாளைச் சுற்றி எதுவரை எடுத்த படம், எது நிரல் சேர்த்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஒளிபுகும் வெற்றிடமாகவோ வெளிர் சாம்பலாகவோ விடுவது நேர்மை. அத்துடன், ஒவ்வொரு திருப்பத்திலும் புள்ளிகள் புதிதாகக் கணிக்கப்பட்டு எழுத்து மங்கும் என்பதால், எப்போதும் மூலப்படத்திலிருந்து ஒரே முறை திருப்பவேண்டும்.

முதலிலேயே நேராக எடுத்தால் இந்தப் பாடே வேண்டாமே என்பார்கள். எடுக்க முடிந்த இடத்தில் எடுக்கட்டும். ஆனால் தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் சற்றே கோணலாகச் செருகி அடித்த பழைய பத்திரத்தை எப்படி எடுப்பது? தாளை நேராக வைத்தால் வரிகள் சாயும். வரிகளை நேராக்கினால் தாளின் விளிம்பு சாய்ந்து நிற்கும், மேல் மூலையில் மையால் எழுதிய இலக்கம் முதலில் சட்டத்தைத் தொடும். படமெடுப்பவர் எவ்வளவு தேர்ந்தவரானாலும், அந்தத் தாளுக்கு 2480 புள்ளி அகலம் போதாது.