வினாவும் விளையாட்டும்

உழைத்துக் களைத்த உள்ளத்திற்கு ஓய்வு தருவன பலவற்றுள், வினா விடுத்து விடை காணும் விளையாட்டும் ஒன்று. அதற்குக் கைப்பொருள் வேண்டா. பரந்த ஆடுகளமும் வேண்டா. நண்பர் இருவர் கூடினாற் போதும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் திண்ணைதோறும் விடுகதை போட்டு மகிழும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. விடுகதையானது, கண்ட பொருளை மறைத்துக் கூறி, 'அஃது யாது?' என வினவும். அவ்விளையாட்டே ஒரு படி மேலேறி, 'அஃது ஏன்? எவ்வாறு?' என வினவத் தொடங்கின், அறிவியலுக்கு வாயிலாகிவிடும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்னவாசலை அடுத்த சிற்றூர் ஒன்றில், பள்ளி நண்பர் நால்வர் இவ்விளையாட்டைத் தமக்கே உரியதாகக் கொண்டிருந்தனர். மாலைதோறும் ஊருணிக் கரையிலுள்ள ஆலமரத்தடியில் அவர்கள் கூடுவர். விளையாட்டிற்கு விதிகள் இரண்டே. கேட்கும் வினா, கண்ணாற் கண்ட பொருளைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். விடை கூறுபவன் அதன் காரணத்தையும் கூறுதல் வேண்டும். வென்றவனுக்குப் பரிசு, மற்றவர் வாங்கித் தரும் கடலைமிட்டாய்.

வினாக்களுக்கு அவ்வட்டாரத்தில் பஞ்சமே இல்லை. அருகிலுள்ள சித்தன்னவாசல் குடைவரைக் கோயிலின் விதானத்தில், ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே தீட்டப்பெற்ற தாமரைப் பொய்கை ஓவியம் உள்ளது. அதனைக் கண்டு திரும்பிய ஒருவன், "தாமரையிலையில் நீர் ஒட்டாதது ஏன்?" எனக் கேட்டான். மற்றொருவன் பள்ளி நூலகத்தில் தேடி விடை கொணர்ந்தான். தாமரையிலையின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய மேடுகள் எண்ணற்றவை உள்ளன. அவற்றின்மீது மெழுகுப் பூச்சும் உண்டு. மேடுகளின் இடையே காற்றுத் தங்கி நிற்றலால், நீர் இலையைத் தழுவ இயலாது முத்துப்போல் திரண்டு உருளுகின்றது. உருளுங்கால் தூசியையும் உடன் வாரிச் செல்கின்றது. ஜெர்மனி நாட்டுத் தாவரவியல் அறிஞர் வில்ஹெல்ம் பார்த்லாட் என்பார் இலைகளை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, தம் துணைவர் ஒருவருடன் 1997ஆம் ஆண்டில் இதனை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். 'தாமரையிலைத் தண்ணீர்போல' என்று நாளும் சொல்லிவந்த உவமைக்குள் இத்துணைச் செய்தி அடங்கியிருந்ததை எண்ணி நால்வரும் வியந்தனர்.

மற்றொரு நாள் பேச்சு, குடுமியான்மலையில் பாறைமீது பொறிக்கப்பட்டுள்ள இசைக் கல்வெட்டைப் பற்றி எழுந்தது. "வீணையின் தந்தியைச் சரிபாதியில் அழுத்தி மீட்டினால் எழும் ஒலி யாது?" என்பது வினா. "ஆதார சட்சத்தில் மீட்டிய தந்தியாயின், மேல்நிலைச் சட்சம் எழும். தந்தியின் நீளம் பாதியானால் அதன் அதிர்வு இரு மடங்காகும்" என்பது விடை. மழைநாளில் மின்னலைக் கண்டதும் ஒருவன் எண்ணத் தொடங்குவான். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லுமாதலின், மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடி கழிந்தால், மின்னல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் தோன்றியதென்று கணக்கிட்டு உரைப்பான்.

நால்வருள் ஒருவன் நாவன்மை மிக்கவன். எவ்வினாவிற்கும் தயங்காது விடை கூறுவான். கடலைமிட்டாய் பெரும்பாலும் அவனுக்கே உரியதாயிற்று. நாளடைவில், அறிந்ததை மட்டுமன்றி அறியாததையும் அறிந்தவன்போல் உரைக்கும் வழக்கம் அவனிடம் வேரூன்றியது.

ஒருநாள் மாலை, அவன் அப்பத்தா அவ்வழியே வந்தார். 1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கப்பெற்றபோது, அவர் கல்லுடைக்கும் வேலை செய்துவந்தார். அந்நாளில் மாவட்ட ஆட்சியராக விளங்கிய ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் மகளிர் கற்றுக்கொள்ளுமாறு ஊக்குவித்தார். பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அவர்களுள் அவ்வம்மையாரும் ஒருவர். பகலெல்லாம் கல்லுடைத்த கையால் இரவில் எழுத்துக் கூட்டி எழுதியவர். பிறர் துணையின்றித் தம் வேலைக்குத் தாமே வண்டியோட்டிச் சென்றவர்.

சிறுவர் விளையாட்டைச் சிறிது நேரம் கேட்டு நின்ற அவர், "அப்பு, நானும் ஒன்று கேட்கட்டுமா? நிற்கிற சைக்கிள் விழுகிறது. ஓடுகிற சைக்கிள் விழாமல் போகிறது. அது ஏன்?" என்றார்.

பெயரன் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. "சுழலும் பம்பரம் விழாமல் நிற்பதுபோல, சுழலும் சக்கரமும் விழாமல் நிற்கும். அவ்வளவுதான், அப்பத்தா" என்றான். நண்பர்கள் கைதட்டினர்.

அப்பத்தா சற்றே எண்ணினார். "நான் ஓட்டிப் பழகிய நாளில், கைப்பிடியை அசையவிடாமல் இறுகப் பிடித்த போதெல்லாம் விழுந்தேன். 'எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே திருப்புங்கள்' என்று கற்றுக்கொடுத்த பெண் சொன்னாள். அதன் பிறகுதான் விழவில்லை. விழுந்தபோதும் சக்கரம் சுற்றத்தானே செய்தது?" என்றார்.

பெயரனுக்கு முகம் சிவந்தது. "நூலில் அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்று கூறிவிட்டான். அப்பத்தா, "நூலில் இருந்தால் சரியாகத்தான் இருக்கும், அப்பு" என்று சொல்லிவிட்டு வீடு நோக்கி நடந்தார்.

அவன் அத்தகைய நூல் எதனையும் படித்தவன் அல்லன். தான் கூறிய பொய்யைக் காட்டிலும், அதனை ஐயுறாது ஏற்றுச் சென்ற அப்பத்தாவின் நம்பிக்கையே அவன் உள்ளத்தை வருத்தியது. முதிய வயதில் எழுத்தைக் கற்று, அச்சிட்ட நூலை மெய்யென மதிக்கும் ஒருவரிடம், இல்லாத நூலைச் சான்று காட்டிவிட்டோமே என்று அன்றிரவு உறக்கமின்றிக் கிடந்தான்.

மறுநாள் அவன் அறிவியல் ஆசிரியரிடம் சென்று, நடந்ததை மறைக்காது உரைத்து விளக்கம் வேண்டினான். ஆசிரியர் முறுவலித்து, "உன் அப்பத்தா கேட்ட கேள்வி எளியதன்று" என்றார். சக்கரத்தின் சுழற்சியும் முன்சக்கரம் பொருத்தப்பட்டுள்ள வகையுமே மிதிவண்டி விழாமைக்குக் காரணம் என அறிஞர் பலர் நெடுங்காலம் கருதினர். ஆனால் 2011ஆம் ஆண்டில், நெதர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆராய்ச்சியாளர் சிலர் தனித்தன்மை வாய்ந்த வண்டி ஒன்றை அமைத்தனர். எதிர்ப்புறம் சுழலும் சக்கரங்களைச் சேர்த்துச் சுழற்சியின் விளைவை நீக்கினர்; முன்சக்கரத்தின் அமைப்பையும் மாற்றினர். அவ்வாறு செய்தும், தள்ளிவிட்ட வண்டி ஆளின்றியே விழாமல் ஓடிற்று. ஆகவே அவ்விரண்டும் இன்றியமையாதன அல்ல என்பது விளங்கிற்று. சாயும் பக்கமே முன்சக்கரம் திரும்ப, சக்கரங்கள் சாயும் பாரத்தின் கீழே வந்து அதனைத் தாங்குகின்றன. எனினும் அங்ஙனம் திரும்புதற்கு ஒரே எளிய காரணத்தைச் சுட்டிக் கூறல் இயலாது. பல கூறுகள் இணைந்தே அதனை நிகழ்த்துகின்றன.

அன்று மாலை அவன் நண்பர் மூவரையும் அழைத்துக்கொண்டு வீடு சென்றான். "அப்பத்தா, நூலில் படித்ததாக நான் சொன்னது பொய். எனக்கு விடை தெரியாது. பெரிய அறிஞர்களும் தேடித் தேடிக் கண்ட விடை அது. அதில் ஒரு பாதியை நீங்கள் கைப்பழக்கத்திலேயே அறிந்திருக்கிறீர்கள்" என்று கூறி, ஆசிரியர் சொன்னவற்றையெல்லாம் எடுத்துரைத்தான்.

அப்பத்தா முழுவதும் கேட்டார். "தெரியாது என்று சொல்ல நானும் வெட்கப்பட்டவள்தான், அப்பு. எழுத்துத் தெரியாது என்று வாய்விட்டுச் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு எழுத்து வந்தது" என்றார்.

அன்றைய கடலைமிட்டாய் அப்பத்தாவின் கைக்குச் சென்றது. அவர் அதனை ஐந்தாக உடைத்துப் பகிர்ந்தளித்தார். அன்று முதல் நண்பர்களின் விளையாட்டில் மூன்றாவது விதி ஒன்றும் சேர்ந்தது: அறியாததை 'அறியேன்' எனக் கூறி, மறுநாள் விடை தேடி வருபவனுக்கும் பரிசு உண்டு என்பதே அது.

வினாவால் அறிவு வளரும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், அறியாமையை ஒளியாது ஒப்புக்கொள்ளும் நேர்மை உள்ளத்தில் இல்லையாயின், வினாவும் விடையும் வெறுஞ் சொல்லாட்டமாய் முடியும். அந்நேர்மை உடையார்க்கோ, விளையாட்டும் கல்வியாகும்.