பல் செலவு மூக்குக் கணக்கில்

நாமக்கல் பக்கம் யாராவது மூக்கை உறிஞ்சினால் போதும், 'தூசிங்க' என்று காரணம் சொல்லிவிடுவார்கள். கோழித்தீவன மில், லாரி பட்டறை என்று பழி போட இடத்துக்குப் பஞ்சமில்லாத ஊர்.

தீவன மில்லில் கணக்கு எழுதும் என் மாமாவுக்கும் இதே தீர்ப்புதான். ஒன்றரை வருடமாக இடது மூக்கில் மட்டும் சளி. கன்னத்தில் கனம். மாத்திரை சாப்பிட்டால் பத்து நாள் சுகம், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. கூடவே நாற்றம். பேரனைத் தூக்கிக் கொஞ்சக்கூடக் கூச்சப்பட்டார். "வேலையை விட்டுடலாம்னு இருக்கேன் மாப்ள" என்றார். ஐம்பத்தெட்டு வயதில் வேறு வேலை யார் தருவார்கள்?

சேலத்தில் பார்த்த காது மூக்கு தொண்டை டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார்.

"தூசின்னா ரெண்டு பக்கமும்ல போகணும்? இந்தக் கடைவாய்ப்பல்லை எப்ப அடைச்சீங்க?"

"அது வலிக்கவே இல்லீங்களே!"

வலிக்காது. நரம்பு செத்த பல் அது. கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையான சைனஸும் மேல் கடைவாய்ப் பற்களின் வேரும் பக்கத்து வீடு. நடுவில் மெல்லிய எலும்புச் சுவர்தான். வேரில் பிடித்த சீழ் சத்தமில்லாமல் மேலே ஏறிவிடும். புது விஷயமும் இல்லை. நத்தானியேல் ஹைமோர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1651-லேயே, பல் பிடுங்கிய குழி வழியே இந்த அறையிலிருந்து நீர் வடிந்த ஒரு பெண்மணியைப் பற்றி எழுதிவிட்டார்.

சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிக்கும் சீழ், கோன் பீம் சி.டி.யில் சிக்கும். மாமாவுக்கு மருந்தோடு ரூட் கேனால் செய்தார்கள். காப்பாற்ற முடியாத பல்லைப் பிடுங்குவார்கள். பிடுங்கிய இடத்தில் சைனஸுக்கு ஓட்டை விழுந்து, குடித்த தண்ணீர் மூக்கில் வந்தால் அதை மூட வேண்டும். அதற்கும் சைனஸ் அடங்காவிட்டால்தான் எண்டோஸ்கோப்பி ஆபரேஷன். மாமாவுக்கு அது தேவைப்படவில்லை. அதே மில்லில்தான் இன்னும் கணக்கு எழுதுகிறார்.

பி.காம். வகுப்பில் ஒரு பாடம் உண்டு. ஒரு செலவை வேறொரு செலவுக் கணக்கில் எழுதினாலும் ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிடும். அதனால் தப்பு கண்ணில் படாது. ஒன்றரை வருட மூக்கு மாத்திரையும் அப்படித்தான்.

ஒரு பக்கம் மட்டும் அடைப்பா, நாற்றமா, திரும்பத் திரும்ப வருகிறதா? எல்லாமே பல்லால் வருவதில்லைதான். ஆனாலும் மூக்கு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "பல்லா இருக்குமாங்க?" பல் டாக்டரிடம் போனால் மூக்கைப் பற்றியும் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் நடுவே சேதி கொண்டுபோகிற ஒரே ஆள் நீங்கள்தான்.