எரிமலைச் சரிவில் இரு மிதிவண்டிகள்

மிதிவண்டியைப் பற்றி நமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வரை நாம் எண்ணியிருந்தோம். அவ்வாறு எண்ணுவதற்குக் காரணமும் இருந்தது. ஒரு காலத்தில் மிதிவண்டிகளின் நகரம் என்றே பெயர் பெற்றிருந்த இப்புனே நகருக்கு மாற்றலாகி வந்த நாள்முதல் குடியிருப்பிலிருந்து அலுவலகத்திற்கும், அலுவலகத்திலிருந்து குடியிருப்பிற்கும் நாம் அதிலேயே சென்று வருகிறோம். உடன் பணியாற்றுவோர் ஒருவர்பின் ஒருவராக ஸ்கூட்டருக்கும் காருக்கும் மாறிவிட்டனர். மிதிவண்டிக் கொட்டகை இருந்த இடம் கார் நிறுத்துமிடம் ஆயிற்று. அதன் ஓரத்துத் தூணில் சங்கிலியிட்டுப் பூட்டப்பட்டிருக்கும் கறுப்பு வண்டி நம்முடையது. வாயிற்காவலர் நம்மை 'சைக்கிள் சாஹேப்' என்று அழைப்பதில் நமக்கு உள்ளூரப் பெருமைதான்.

மணமாகி இருபது ஆண்டு நிறைவெய்திய அவ்வாண்டில், சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்துப் பாலித் தீவிற்குச் சென்று வருவதென்று வீட்டில் முடிவாயிற்று. மைய அரசு ஊழியன் சொந்தச் செலவில் அயல்நாடு செல்வதாயினும் முன்னனுமதி பெறவேண்டும். பிறருடைய இத்தகைய விண்ணப்பங்களுக்குப் பல்லாண்டுகளாகக் குறிப்பெழுதி மேலே அனுப்பியவர் நாம். நம்முடையது மேலே சென்றபோதுதான் ஒரு கோப்பு எவ்வளவு மெல்ல நடக்கக்கூடியது என்பது விளங்கிற்று. பயணத்தின் நோக்கம் என்னும் கட்டத்தில் 'மிதிவண்டி ஓட்டுதல்' என்று எழுதியிருந்தோம். மேலதிகாரி அதனை அடித்து, 'சுற்றுலா' என்று திருத்தி, நம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அங்கே இறங்கியதும் விசாவிற்கு ஐந்து இலட்சம் ருபியா கட்டினோம். வாழ்நாளில் ஒரே மூச்சில் இலட்சக்கணக்கில் நாம் செலவிட்டது அந்த ஒரு தடவைதான்.

பாலியை நம்மவர் கோயில்களுக்காகவும் கடற்கரைகளுக்காகவும் அறிவர். ஆயின் அத்தீவு எரிமலைகளின் ஆக்கம். இந்தியப் பெருங்கடலின் தரைப்பாளம் வடக்கு நோக்கி அமிழ்ந்து செல்ல, ஆழத்தில் உருகிய பாறை மேலே பீறிட்டதால், சுமத்திரா, ஜாவா, பாலி, லொம்போக் எனத் தீவுகள் மாலைபோல் எழுந்தன. மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த ஆகுங் மலை 1963-இல் சீறியபோது ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2017-இல் அது மீண்டும் சாம்பல் கக்கியதில் விமான நிலையமே மூடப்பட்டது. ஆகுங்கிற்கு வடமேற்கே உள்ளது பாத்தூர். முன்னொரு காலத்து மாபெரும் எரிமலை இடிந்தமிழ்ந்ததால் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் அகன்ற பள்ளம் ஒன்று உண்டாகி, அதன் நடுவே, வாணலியில் மாவைக் குவித்தாற்போல், 1,717 மீட்டர் உயரமுள்ள இன்றைய பாத்தூர்க் கூம்பு நிற்கிறது. ஒருபுறம் பிறைவடிவில் ஏரி. பெனலோக்கான் என்னும் விளிம்பூரில் நின்று இவற்றை ஒருசேரக் காணலாம். அவ்வூர்ப் பெயருக்கே 'பார்க்குமிடம்' என்பதுதான் பொருளாம்.

அங்கு வரும் பயணியரில் பெரும்பாலோர் இவ்விளிம்பிலிருந்து உபுத் நகரத் திசையில் ஊர்ப்புற வழிகளில் மிதிவண்டியில் இறங்குகின்றனர். மேலே ஏற்றுவது கார். கீழே இறக்குவது பூமியின் ஈர்ப்பு. இருபதாண்டுக்கு மேல் வண்டி மிதித்த நமக்கு இது குழந்தை விளையாட்டாகத் தோன்றிற்று. பள்ளத்தினுள் 1963-64-இல் வழிந்து இறுகிய குழம்புப் பாறைகளினூடே செல்லும் கரடுமுரடான தடம்தான் வேண்டும் என்று பிடிவாதம் செய்தோம்.

வாடகை வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னும் பின்னும் அதிர்வு தாங்கிகள், தட்டு பிரேக்குகள், பாகற்காய் போல் முள்முள்ளான தடித்த டயர்கள். நமக்கு ஒரு வண்டி, துணைவியாருக்கு ஜீப்பில் ஓர் இடம் என்று நாம் சொல்லி வாய் மூடவில்லை.

“எனக்கும் ஒரு வண்டி எடுக்கச் சொல்லுங்க” என்றார் துணைவியார்.

“உனக்கா? இது தார் ரோடு இல்லை.”

“தெரியுது.”

இவ்விடத்தில் ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும். 2006-ஆம் ஆண்டில் ஒருநாள், காய்கறி வாங்கி வரத் தமக்கு ஒரு மிதிவண்டி இருந்தால் நலம் என்று அவர் கேட்டார். பழைய வண்டி ஒன்று மலிவாக வந்திருந்தது. புனேயின் போக்குவரத்து நெரிசலை நாம் காரணம் காட்டினோம். அது பாதி உண்மை. குடியிருப்பிலுள்ளோர், எழுத்தர் மனைவி கைப்பையை மாட்டிக்கொண்டு மிதிவண்டியில் போகிறாள் என்று பேசுவார்களே என்பது மறுபாதி. அந்த மறுபாதியை நாம் அன்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவர் புரிந்துகொண்டிருப்பார். மீண்டும் கேட்கவில்லை. பதினெட்டு ஆண்டுகள் நம் வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்தே அவர் புனேயைப் பார்த்தார்.

வழிகாட்டி இருபத்தைந்து வயது இளைஞர். அத்தீவில் பிள்ளைகளுக்குப் பிறந்த வரிசைப்படி பெயரிடுவர்; அவர் நான்காம் பிள்ளை. நம்மைப் 'பாக்' என்றும் துணைவியாரை 'இபு' என்றும் மரியாதையோடு அழைத்தார். கிளம்புமுன் டயர்களின் காற்றைச் சற்று இறக்கினார். நாமோ ஞாயிறுதோறும் டயரைக் கல்லாக்கி வைப்பவர்கள். காற்றுக் குறைந்தால்தான் டயர் தரையைப் பற்றும் என்றார். இருக்கையில் அழுந்தி உட்காராமல் எழுந்து நிற்கவேண்டும். பெடல்கள் இரண்டும் சமமாக இருக்கவேண்டும். சரிவில் உடலின் எடை பின்னே செல்லவேண்டும். திருப்பத்திற்கு முன்பே வேகத்தைக் குறைக்கவேண்டும், திருப்பத்தில் பிரேக்கைப் பிடிக்கலாகாது. கண் கல்லைப் பார்க்கலாகாது, போகவேண்டிய வழியைப் பார்க்கவேண்டும். இவ்வளவையும் அவர் சைகையும் சில ஆங்கிலச் சொற்களுமாகச் சொன்னார். நாம் தலையை ஆட்டினோம். துணைவியார் கேட்டுக்கொண்டார். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு அரை மணி நேரத்தில் தெரிந்தது.

தொடக்கத்தில் ஏரிக்கரை வயல்கள். சின்ன வெங்காயம், தக்காளி, மிளகாய் என்று எரிமலை மண் கருகருவென விளைந்து கிடந்தது. எதிரே மணல் ஏற்றிய லாரிகள் புழுதி கிளப்பி வந்தன. எரிமலை கக்கியதை அள்ளி விற்பதும் அங்கே ஒரு தொழில். பின்னர் வயல் நின்றது; பாறை தொடங்கிற்று. அப்பாறையை என்னவென்று சொல்வது! செங்கல் சூளையில் உருகிக் கட்டிபிடித்த கசடுகளை ஒரு நாடளவிற்குக் கொட்டிவைத்தாற்போல் இருந்தது. கறுப்பு, எங்கும் கறுப்பு. விளிம்பெல்லாம் உடைந்த புட்டியின் கூர்மை. அறுபதாண்டு கழிந்தும் அதன்மேல் ஒட்டியிருந்தவை பாசியும் பெரணியும் சில புதர்களும்தாம். பாறைகளுக்கு இடையே தடம் ஒற்றையடிப் பாதையாக நெளிந்தது. சிலவிடத்தில் கரிய மணல். அதில் சக்கரம் புதைந்தது. சிலவிடத்தில் கடலைப் பருப்பளவு பொறுக்குக் கற்கள். அவற்றின்மேல் சக்கரம், கேழ்வரகு சிந்திய தரையில் கால் வைத்தாற்போல் வழுக்கிற்று.

மூன்றாவது சரிவில் நாம் விழுந்தோம். நடந்தது இதுதான். வலப்புறம் ஆளுயரப் பாறை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதில் மோதிவிடுவோமோ என்று அஞ்சி அதனையே பார்த்தோம். வண்டியும் அதனை நோக்கியே சென்றது. அலுவலகச் சாலையில் பழகிய கை முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தது. முன் சக்கரம் நின்றது, நாம் நிற்கவில்லை. உள்ளங்கையும் இடது முழங்காலும் கிழிந்தன. தலைக்கவசம் பாறையில் இடித்த ஓசை இன்றும் காதில் இருக்கிறது. அது இல்லாதிருந்தால் இம்மலருக்கு வேறு எவரேனும் கட்டுரை எழுதியிருப்பர்.

வழிகாட்டி ஓடிவந்து நீரூற்றிக் கழுவிக் கட்டுப் போட்டார். துணைவியார் அப்போது முன்னே போய்விட்டிருந்தார். நாம் விழுந்த அதே சரிவை அவர் நமக்கு முன்பே கடந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. புடவைக்குப் பதில் சுரிதார் அணிந்து, எழுந்து நின்று, முழங்கைகளைச் சற்று மடக்கி, கற்கள் தடதடக்க அவர் கீழே இறங்கிச் செல்வதை வளைவில் கண்டோம். திரும்பிப் பார்த்து, வண்டியைச் சாய்த்துவிட்டு மேலே ஏறிவந்தார். காயத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

“இபு, எங்கே கற்றீர்கள்?” என்று வழிகாட்டி கேட்டார்.

புதுக்கோட்டையில் என்றார் துணைவியார். அவருக்கு 1992-இல் வயது பன்னிரண்டு. அறிவொளி இயக்கத்தார் அம்மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்த காலம் அது. ஆயிரக்கணக்கான பெண்கள் வண்டி ஏறினர். கல் குவாரியில் உடைத்த பெண்களும் அதில் உண்டு. பெண்கள் வண்டி போதிய அளவு கிடைக்காமையால் ஆண்கள் வண்டியிலேயே பழகினர். நம் மாமியாரும் மகளும் மணிக்கணக்கு வாடகையில் ஒரே வண்டியை எடுத்து, செம்மண் சரளைப் பாதையில் மாற்றி மாற்றி ஓட்டினார்களாம். மாமியார் வண்டி ஓட்டியவர் என்பதே நமக்கு அன்றுவரை தெரியாது. “சரளையில விழுந்து விழுந்துதான் பழகினோம். முன் பிரேக்கைத் தொட்டா அம்மா திட்டுவாங்க” என்றார். வழிகாட்டிக்கு அதனை ஆங்கிலத்தில் சொல்லும் பொறுப்பு நமக்கு வந்தது. கட்டுப்போட்ட கையை நீட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தோம்.

எஞ்சிய தொலைவில் பெரும்பகுதி நாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். நடப்பவனுக்கு இளைஞர் தம் ஊரின் கதையைச் சொன்னார். பழைய பாத்தூர் ஊர் மலையடியிலேயே இருந்ததாம். 1917-இல் குழம்பு கோயில் வாயில்வரை வந்து நின்றது. நல்ல அறிகுறி என்று மக்கள் அங்கேயே தங்கினர். 1926-இல் அது நிற்கவில்லை. ஊரும் கோயிலும் மூடுண்டன. ஏரித் தெய்வமாகிய தேவி தானுவின் பதினோரடுக்கு மேரு தப்பிற்று. அதனைச் சுமந்து விளிம்பிற்கு ஏறி, அங்கே ஊரையும் கோயிலையும் புதிதாக அமைத்தனர். அவருடைய கொள்ளுப்பாட்டியார் சிறுமியாக அவ்வாறு ஏறி வந்தவராம். “பாக் நிற்கும் இடத்துக்குக் கீழே வீடுகள் இருக்கலாம்” என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். அதன்பின் பாறையைத் திட்டிக்கொண்டு நடக்க நமக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காயம் கனன்றதால் காரில் வடகரைக்கு இறங்கினோம். குபுதம்பஹான் என்னும் ஊரில் மடுவே காராங் கோயில் உள்ளது. அதன் உள்முற்றத்துப் பீடச் சுவரில் ஒரு சிற்பம்: பூவேலை செய்த ஆடை உடுத்திய ஒருவர் மிதிவண்டி ஓட்டுகிறார், பின்சக்கரம் விரிந்த தாமரை! 1904-இல் அத்தீவிற்கு வந்து மிதிவண்டியில் சுற்றிய நியூவென்காம்ப் என்னும் டச்சு ஓவியரைச் சிற்பியர் இவ்வாறு செதுக்கிவிட்டனர். நாம் அதனைப் பல கோணங்களில் படம் பிடித்தோம். துணைவியார் அருகே சென்று, ஓட்டுபவரின் கைகளைக் கவனித்துவிட்டு, “பிரேக்கே இல்லை” என்றார். இரண்டு நாளில் அன்றுதான் இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

புனே திரும்பி இரண்டாம் வாரம், பழைய வண்டிகள் விற்கும் கடையொன்றில் கியர் வைத்த நீல வண்டி ஒன்று வாங்கினோம். வாங்கினோம் என்பதும் சரியன்று. பணம் அவருடைய சிறுவாட்டுப் பணம். நம் பங்கிற்கு ஒரு பூட்டு வாங்கிக் கொடுத்தோம். குடியிருப்பிலுள்ளோர் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் மாடி அம்மையார் மட்டும் ஒருநாள் மாலை வந்து, தமக்கும் கற்றுத்தர இயலுமா என்று கேட்டுச் சென்றார். ஞாயிறு காலை ஆறு மணிக்கு இருவரும் பாஷாண் ஏரிப் பக்கம் செல்கிறோம். ஏற்றத்தில் அவர் முன்னே போய்விடுகிறார். மேலே ஒரு தேநீர்க் கடை உண்டு. நாம் போய்ச் சேரும்போது நம் தேநீர் பெரும்பாலும் ஆறியிருக்கும்.