தந்தையாரின் குடற்புண்

1969ஆம் ஆண்டில் என் தந்தையார் குடற்புண்ணால் பெரிதும் வருந்தினார். நள்ளிரவில் எழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருப்பார். "நான் அரைக்கும் மிளகாய்தான் இவரை வாட்டுகிறது" என்று என் தாயார் கண்ணீர் வடிப்பார். முடிவில் வைத்தியர்கள் அவரது இரைப்பையின் ஒரு பகுதியை அறுத்தெடுத்தனர். அதன் காரணத்தை அறியும் அவாவே என்னை இக்கல்லூரியின் விஞ்ஞான வகுப்பிற் கொண்டுவந்து சேர்த்தது.

அன்று முதல் நான் கற்றதன் சாரம் இது. இரைப்பைச் சுரப்பிகளிலுள்ள அமில அணுக்கள் ஏவலை எதிர்நோக்கியிருப்பன. நாம் உண்டவுடன் காஸ்திரின் என்னும் ஹார்மோன் இரத்தத்தின் வழியே வந்து, அண்டையிலுள்ள வேறோர் இனத்து அணுக்களைத் தூண்டும். அவை ஹிஸ்டமீனை வெளிவிடும். ஹிஸ்டமீன் அமில அணுவின் மேலுள்ள ஏற்பியிற் பொருந்தியதும், உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூதுப்பொருள் பெருகும். உடனே அணுவினுள் ஒடுங்கிக் கிடந்த நுண்ணிய இறைப்பான்கள் அதன் விளிம்பையடைந்து, பொட்டாசியத்தை உள்வாங்கி ஹைடிரஜன் அயனியை வெளியே தள்ளும். இவ்வாறு இரைப்பையிற் சேரும் அமிலத்தின் செறிவு இரத்தத்தில் உள்ளதைவிடப் பத்து லட்சம் மடங்கிற்கும் மேற்பட்டது!

ஹிஸ்டமீனின் இவ்வாற்றலை போபியெல்ஸ்கி என்பார் 1916இல் நாயொன்றிற் கண்டு 1920இல் வெளியிட்டார். ஆயினும், தும்மலையும் தடிப்பையும் தணித்த பழைய ஹிஸ்டமீன் எதிர்மருந்துகள் அமிலச் சுரப்பைத் தடுக்கவில்லை. இரைப்பையின் பூட்டு வேறு. அதற்குரிய திறவுகோலும் வேறு என உணர்ந்த ஜேம்ஸ் பிளாக்கும் அவர்தம் குழுவினரும் பல ஆண்டுகள் முயன்றதன் பயனாக, 1976இல் சிமெட்டிடின் என்னும் மருந்து பிரிட்டனில் வெளிவந்தது. அந்தோ! என் தந்தையாருக்கு அஃது ஏழாண்டு பிந்தி வந்த மருந்து. 1982இல் மார்ஷல், வாரென் இருவரும் இரைப்பையில் வாழும் கிருமியொன்றை வளர்த்துக் காட்டினர். பெரும்பாலான குடற்புண்களுக்கு அக்கிருமியே மூலமென்பது பின்னர் உறுதியாயிற்று.

இதனை என் தாயாரிடம் சொன்னபோது அவர் முதுமை எய்தியிருந்தார்; தந்தையாரோ மறைந்துவிட்டார். "அம்மா, குற்றம் உங்கள் மிளகாயினுடையதன்று" என்றேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் அத்தனை வருஷமும் அவருக்கு உப்புச் சப்பில்லாமல் சோறு போட்டேனே, அப்பா!" என்றார்.

மாணவ நண்பர்களே, ஓர் அணுவின் செயலை அறிவது ஏட்டுக் கல்விமட்டுமன்று. காலத்தே வரும் அறிவு நோயைத் தீர்க்கும். பிந்தி வருவதோ, ஒரு பழியைத் தீர்த்தாலும் ஒரு துயரை விட்டுச்செல்லும். ஆதலின் விரைந்து கற்பீராக.