ஏத்திப் பிடி, இறக்கி வை

சீனப் புத்தாண்டு வந்தால் ஜெஞ்சாரோம் டோங் ஸென் கோயிலில் விளக்கலங்காரம் பார்க்கக் கூட்டம் நெரியும். "அங்கிள், நீங்க லேசர்லதானே வேலை பாத்தீங்க? இந்த மாதிரி லைட் போடுவீங்களா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஓய்வு பெறும்வரை கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நான் செய்த வேலை, எர்பியம் ஃபைபர் வளையத்துக்குள் ஒளித்துடிப்பைக் கலையாமல் ஓட வைப்பது.

1550 நானோமீட்டரில் சாதாரண ஃபைபருக்குள் நீலப் பக்கம் முந்தும், சிவப்புப் பக்கம் பிந்தும், துடிப்பு விரிந்துபோகும். ஆனால் ஒளியின் செறிவால் ஃபைபரின் ஒளிவிலகல் எண் மாறும் கெர் விளைவு துடிப்பின் முன்பகுதியைச் சிவப்புக்கும் பின்பகுதியை நீலத்துக்கும் தள்ளும். முன்னது தாமதிக்க, பின்னது எட்டிப் பிடிக்க, துடிப்பு வடிவம் மாறாமல் நிற்கும். அதுதான் சொலிட்டான். ஹசெகாவாவும் டாப்பர்ட்டும் 1973இல் இதைக் கணித்தார்கள். 1980இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மோலனவர் குழு சோதனையில் கண்டது. இரு கூறுகள் கொண்ட சொலிட்டான்கள் மோதும்போது கூறுகளுக்கிடையே ஆற்றல் எப்படிக் கைமாறும் என்று 1997இல் கணக்குப் போட்டவர்களில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக எம். லட்சுமணனும் ஒருவர். அருமையான கணக்கு. ஆனால் தாளில் ஏர்கான் கிடையாது.

எங்கள் கூடத்தில் பகைவனே ஏர்கான்தான். அது நின்று மறுபடி ஓடினாலே ஃபைபருக்குள் போலரைசேஷன் திரும்பிவிடும். காலையில் மோட்-லாக் ஆகித் துடிப்பு தந்த லேசர் மத்தியானம் கைவிட்டுவிடும். போலரைசேஷனைச் சரிசெய்யும் மூன்று துடுப்புகளையும் மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும்.

எனக்குத் தொழில் கற்றுத்தந்த மூத்தவர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். "ஏத்திப் பிடி, இறக்கி வைடா தம்பி" என்பார், அவ்வளவுதான். பம்ப் பவரை ஏற்றினால்தான் துடிப்பு தானாகப் பிறக்கும். அந்த உயரத்திலேயே விட்டால் ஒன்று இரண்டாகும், மூன்றாகும், கொத்தாக அலையும். பிறந்த பிறகு பவரைக் குறைக்க வேண்டும். பிறக்கத் தேவையான அளவுக்குக் கீழே போனாலும் துடிப்பு உயிரோடு இருக்கும்; அந்தக் குறுகிய இடத்தில்தான் ஒற்றைத் துடிப்பு. எங்கே சாகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, மறுபடி பிறக்க வைத்து, அதற்குச் சற்று மேலே நிறுத்துவார். பிறகு துடுப்பைத் தொட யாரையும் விடமாட்டார், பேராசிரியரையும்தான்.

இப்போது கணினியே துடுப்பைத் திருப்புகிறது. திருப்பட்டும், எனக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு. துடிப்பைப் பிறக்க வைக்க ஏதோ ஒரு பொடியை ஃபைபரின் ஃபெரூல் முனையில் ஒட்டுகிறார்கள். ஸ்பெக்ட்ரத்தில் இருபுறமும் கெல்லி முனைகள் எழுந்ததும் சொலிட்டான் என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்பெக்ட்ரத்தின் அகலம் 5 நானோமீட்டர், ஆகவே துடிப்பு அரை பிக்கோசெகண்டாம்! அது இருக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு ஐயா, அளந்த அளவு அல்ல. துடிப்பின் நீளத்தை அளக்கும் ஆட்டோகோரிலேட்டரில் வைத்தல்லவா சொல்ல வேண்டும்? ஆர்.எஃப். ஸ்பெக்ட்ரத்தில் முனை சுத்தமாக நிற்கிறதா? ஏர்கான் ஒரு சுற்று ஓடி முடிந்த பிறகும் நிற்கிறதா?

போன மாதம் ஒரு பையன் கட்டுரை வரைவை அனுப்பினான். ஆட்டோகோரிலேட்டர் படம் எங்கே என்று கேட்டேன். "ரிவியூவர் கேக்கல அங்கிள்" என்றான். நன்றியுரையில் என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன்.