கையில் இருப்பது யாருடையது?

சி மொழி படிக்க வரும் பிள்ளைகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்தப் பாயின்டர் காட்டுகிற பொருள் யாருக்குச் சொந்தம்? முகவரி என்ன, வகை என்ன, எத்தனை பைட் என்று கேட்டால் டக்கென்று பதில் வரும். யாருக்குச் சொந்தம் என்றால் பேச்சு நின்றுவிடும். நன்றாகப் படிக்கிற பிள்ளையும் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு விடை திரையில் இல்லை. கோடு எழுதுகிறவரின் மனதில் இருக்க வேண்டும்.

வாழ்நாளின் பெரும்பகுதியைச் சி மொழியோடு கழித்தவன் நான். இந்தக் கேள்வியை எனக்கு ஆழமாகக் கற்பித்தது பைத்தானின் டிக்ஷனரி. அதைச் சி வழியாகத் தொட்டுப் பழகியவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். தொடாதவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். விஷயம் கணினியோடு முடிவதில்லை.

கீடோ வான் ரோசம் 1989 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் எழுதத் தொடங்கிய மொழி பைத்தான். 1991 பிப்ரவரியில் வெளியே வந்தது. நாம் எழுதுவது பைத்தான் என்றாலும் அதை ஓட்டுகிற சிபைத்தான் சி மொழியில் எழுதப்பட்டது. அதன் உள்ளே எங்கே திரும்பினாலும் டிக்ஷனரிதான். ஒரு மாட்யூலில் உள்ள பெயர்கள் ஒரு டிக்ஷனரியில் இருக்கின்றன. பல பொருள்களின் பண்புகளும் அப்படியே. சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தரும், அவ்வளவுதான் அதன் வேலை. பைத்தானில் சதுர அடைப்புக்குறி போட்டால் முடிகிற அந்த வேலையைச் சி மொழியிலிருந்து செய்யும்போதுதான் அதன் உண்மையான பொறுப்பு தெரிகிறது. அதற்கான ஃபங்ஷன்களின் பெயர்கள் எல்லாம் 'பைடிக்ட்' என்று தொடங்கும். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று அந்த முன்பகுதியை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

சிபைத்தானில் ஒவ்வொரு பொருளும் தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையைத் தன்னோடு வைத்திருக்கிறது. பிடிக்கிறவர் ஒன்று கூட்ட வேண்டும், அதற்கு இன்க்ரெஃப். விடுகிறவர் ஒன்று கழிக்க வேண்டும், அதற்கு டெக்ரெஃப். எண்ணிக்கை பூஜ்யம் ஆனதும் பொருள் அழிந்துவிடும். பைத்தானில் எழுதும்போது இந்தக் கணக்கை மொழியே பார்த்துக்கொள்கிறது. சி-யில் நாம்தான் பார்க்க வேண்டும்.

இப்போது 'கெட்ஐட்டம்' என்ற ஃபங்ஷனை அழைக்கிறோம். சாவியைக் கொடுத்தோம், மதிப்பின் பாயின்டர் வந்தது. அது நம்முடையதா? இல்லை. அது இரவல். எண்ணிக்கையில் நம் பெயரில் எதுவும் கூடவில்லை. டிக்ஷனரி அதைப் பிடித்திருக்கும் வரை நாமும் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவே.

ஓர் உதாரணத்தை வரிவரியாகப் பார்ப்போம். முதல் வரியில் ஒரு சாவிக்கு உரிய மதிப்பை கெட்ஐட்டம் மூலம் எடுக்கிறேன். இரண்டாம் வரியில் அதே சாவிக்கு 'செட்ஐட்டம்' மூலம் புது மதிப்பு வைக்கிறேன். மூன்றாம் வரியில், முதலில் எடுத்த பழைய மதிப்பை அச்சிடுகிறேன். பார்க்க எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் இரண்டாம் வரியில் டிக்ஷனரி பழைய மதிப்பைக் கைவிட்டுவிட்டது. அதைப் பிடித்திருந்தது டிக்ஷனரி மட்டும்தான் என்றால், அந்தக் கணமே அது அழிந்தது. மூன்றாம் வரி தொடுவது இல்லாத பொருளை. பக்கத்து வீட்டு ஏணியில் ஏறி மாடிச் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டே, "ஏணியை எடுத்துக்கொண்டு போங்கள்" என்று கீழே பார்த்துச் சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

கொடுமை என்னவென்றால், பல சமயம் இது ஓடிவிடும். அழிந்த பொருளின் பைட்டுகள் நினைவகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கும். சோதனை எல்லாம் தேறிவிடும். பிறகு ஒரு நாள் அந்த இடத்தில் வேறொரு பொருள் வந்து உட்காரும். புரோகிராம் விழும், விழுகிற இடத்துக்கும் தவறு நடந்த இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது. பைத்தானின் அதிகாரபூர்வக் கையேட்டில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. மெல்லிய பனிப்பாளத்தின் மேல் நடப்பது என்ற பொருள்படத் தலைப்பு. அங்கே பட்டியலை வைத்து விளக்கியிருக்கிறார்கள்; டிக்ஷனரிக்கும் அதே நியாயம்தான். நாம் நேரடியாக எதையும் நீக்காவிட்டாலும் ஆபத்து உண்டு. இரண்டு பொருளை ஒப்பிட்டால்கூட யாரோ எழுதிய பைத்தான் கோடு நடுவில் ஓடலாம். அது நம் சாவியை நீக்கிவிடலாம்.

மருந்து மிக எளிது. எடுத்த கையோடு ஓர் இன்க்ரெஃப், வேலை முடிந்ததும் ஒரு டெக்ரெஃப். இரண்டே வரி. அந்த இரண்டு வரியை எழுத வைப்பதற்குத்தான் நான் பிள்ளைகளோடு இத்தனை மன்றாடுகிறேன். "இப்போது ஓடுகிறதே சார்" என்பார்கள். ஓடுவது சரி என்பதற்குச் சாட்சி ஆகாது என்பதை இருபது வயதில் நம்புவது கடினம்.

வாழ்க்கையில் நம் கைக்கு வருவதில் பெரும்பகுதி இரவல்தான். பதவி இரவல், அந்த நாற்காலிக்கு வருகிற வணக்கமும் இரவல். ஊரார் நம்மிடம் ஒப்படைக்கிற சங்கப் பணம் இரவல். இவற்றை அனுபவிப்பதில் தவறில்லை. யார் பிடியில் அது நிற்கிறது என்பதை மறந்து, அதை நம்பி அடுத்த வரியை எழுதுவதுதான் தவறு. ஓய்வு பெற்ற மறுமாதமே உடைந்துபோன அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். நாற்காலி அவர்களுடையது என்று நம்பிவிட்டார்கள். உண்மையிலேயே தங்களுக்கு வேண்டியதை, ஒரு நட்பை, படிக்கும் பழக்கத்தை, பிள்ளைகளோடு பேசும் வழக்கத்தை, அந்த நாள்களிலேயே உரிமையாகப் பிடித்துக்கொள்ளவில்லை.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. என் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டியது. செட்ஐட்டம் நாம் கொடுக்கும் பொருளைத் தனக்கென்று தனியாகப் பிடித்துக்கொள்ளும். நம் பிடியை எடுத்துக்கொள்ளாது. பட்டியலுக்கான செட்ஐட்டம் இதற்கு நேர்மாறு. அது நம் பிடியையே தனதாக்கிக்கொள்ளும். ஒரே மாதிரி பெயர், இரண்டு விதமான நடத்தை. கையேட்டைப் பார்க்காமல் ஊகித்தால் தப்பு நிச்சயம். டிக்ஷனரியில் வைத்த பிறகு நம் பங்குக்கு டெக்ரெஃப் செய்யாவிட்டால் அந்தப் பொருள் என்றைக்கும் அழியாது. 64 பிட் கணினியில் சாதாரண முழு எண் பொருள் ஒன்றுக்கு 28 பைட். ஒரே சாவிக்கு 10 லட்சம் முறை புதுப்புது எண்ணை மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் விட மறந்தால், ஏறக்குறைய 3 கோடி பைட் யாருக்கும் பயனில்லாமல் அடைபட்டுக் கிடக்கும். பொறுப்பை மகனிடம் கொடுத்துவிட்டேன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு ரூபாய்க்கும் தன்னிடம் வந்து நிற்க வைக்கிற பெரியவர்களை எல்லாருக்கும் தெரியும். கொடுத்தால் விடவும் வேண்டும்.

டிக்ஷனரி தன் வேலையை எவ்வளவு நிதானமாகச் செய்கிறது என்று அதன் மூலக் கோடில் பாருங்கள். பழைய மதிப்பின் இடத்தில் புதியதை வைக்கும்போது, முதலில் புதியதை இடத்தில் உட்கார வைக்கிறது; அதன் பிறகே பழையதை விடுகிறது. காரணம் உண்டு. பழைய பொருள் அழியும் நேரத்தில் வேறு கோடு ஓடலாம். அது இதே டிக்ஷனரியைத் திரும்பவும் தொடலாம். அந்த நேரத்தில் அரைகுறையாக எதுவும் இருக்கக் கூடாது.

இனி எனக்கு மிகவும் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கெட்ஐட்டத்துக்கு இன்னொரு குணம் உண்டு. சாவி இல்லாவிட்டால் 'நல்' என்ற வெற்றுப் பாயின்டரைத் தரும். சாவியை எந்த இடத்தில் தேடுவது என்று காட்டும் 'ஹாஷ்' எண்ணைக் கணக்கிடும்போதோ, சாவிகளை ஒப்பிடும்போதோ பிழை ஏற்பட்டாலும் அதே நல்தான். பிழையை விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வெறுங்கையை நீட்டும். "இல்லை" என்பதும் "தேடவே முடியவில்லை" என்பதும் ஒரே முகத்தோடு வருகின்றன. இந்தக் குணம் மிகப் பழைய காலத்திலிருந்து வந்தது. பல மென்பொருள்கள் அதை நம்பி எழுதப்பட்டுவிட்டதால் சட்டென்று மாற்ற முடியவில்லை. அதனால் பிழையை மறைக்காத 'கெட்ஐட்டம்வித்எரர்' என்ற இன்னொன்றைத் தந்தார்கள். அதுவும் நல்தான் தரும். ஆனால் பிழை இருந்தால் அதை அழிக்காமல் வைத்திருக்கும். 'பைஎர்_அக்கர்ட்' என்று கேட்டால் தெரிந்துவிடும். கேட்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

வீட்டில் மகன் முகம் வாடி வருகிறான். "என்னப்பா?" என்கிறோம். "ஒண்ணுமில்ல" என்கிறான். அது உண்மையிலேயே ஒன்றுமில்லையா, சொல்ல முடியவில்லையா? இரண்டுக்கும் ஒரே பதில்தான். பெரும்பாலான தகப்பன்மார் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு செய்தித்தாளுக்குத் திரும்பிவிடுவார்கள். மனைவி "பரவாயில்லை" என்றால் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்கிற பழக்கம் இல்லாத வீடுகளில் பெரிய இடி ஒருநாள் திடீரென்று விழுந்ததாகச் சொல்வார்கள். அது திடீரென்று விழவில்லை. பல நாள் நல் வந்துகொண்டே இருந்தது. யாரும் பிழை உண்டா என்று பார்க்கவில்லை. சிபைத்தானே இதை ஒத்துக்கொண்டு திருந்தியிருக்கிறது. 3.13 பதிப்பிலிருந்து பழைய கெட்ஐட்டம் தான் விழுங்குகிற பிழையை வெளியே அறிவித்துவிடுகிறது.

பிழைக்கு இடம் ஒதுக்குவதில் சிபைத்தான் காட்டும் அக்கறை எனக்குப் பிடிக்கும். உள்ளே ஹாஷ் ஃபங்ஷன் -1 தந்தால் பிழை என்று அர்த்தம். ஆகவே -1 என்ற எண்ணுக்கு ஹாஷ் -1 ஆக இருக்கக் கூடாது என்று முடிவு செய்து, -2 என்று வைத்தார்கள். பைத்தானைத் திறந்து இப்போதே போட்டுப் பார்க்கலாம். ஓர் எண் தன் இயல்பான இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது, பிழை சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும் என்பதற்காக.

எல்லாச் சாவிகளையும் வரிசையாகப் பார்க்க 'நெக்ஸ்ட்' இருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாவியைச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. இருக்கிற சாவியின் மதிப்பை மாற்றலாம். பைத்தானில் இதை மீறினால், அளவு மாறிவிட்டது என்று அதுவே நிறுத்தும். சி-யில் யாரும் நிறுத்த மாட்டார்கள். சொல்ல ஆளில்லாத இடத்தில் நாமே ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்கு மேல் இதில் விளக்க எதுவும் இல்லை.

ஆனால் நீக்குவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'டெல்ஐட்டம்' ஒரு சாவியை எடுத்தால், அது இருந்த இடம் வெற்றிடம் ஆவதில்லை. அங்கே 'டம்மி' என்று ஒரு குறி வைக்கப்படுகிறது. ஏனென்றால், அந்த இடம் நிறைந்திருந்த காலத்தில் வந்த வேறொரு சாவி, மோதல் ஏற்பட்டு அடுத்த இடத்துக்குப் போயிருக்கலாம். தேடல் வெற்றிடத்தைக் கண்டால் நின்றுவிடும். குறியைக் கண்டால் தாண்டிப் போகும். குறி இல்லாவிட்டால், தள்ளி உட்கார்ந்தவர் உயிரோடு இருந்தும் காணாமல் போவார். டிக்ஷனரியின் டேபிள் புதிதாக அடுக்கப்படும்போது இந்தக் குறிகள் மறைகின்றன. வீட்டில் ஒருவர் மறைந்த பிறகு அவர் பேச்சையே எடுக்கக் கூடாது என்று தடுக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அவர் வழியாகத்தான் சில உறவுகள் நம்மை எட்டியிருந்தன. அவர் இருந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்தால் அந்த உறவுகளும் சேர்ந்து அறுந்துபோகும்.

டிக்ஷனரி இப்போதிருக்கும் வடிவம் ஒரே ஆளின் வேலை இல்லை. ரேமண்ட் ஹெட்டிங்கர் 2012-ல் சாவிகளை வந்த வரிசையில் நெருக்கமாக அடுக்கி, தேடுவதற்கு மட்டும் தனியாக ஒரு சிறு அட்டவணை வைக்கலாம் என்று யோசனை சொன்னார். பைத்தானை ஓட்டும் இன்னொரு மென்பொருளான பைபை அதை முதலில் எடுத்துக்கொண்டது. சிபைத்தானில் இனாடா நவோக்கி செய்து முடிக்க, 2016-ல் 3.6 பதிப்பில் வந்தது. நினைவகச் செலவு 20 முதல் 25 சதவீதம் குறைந்தது, 3.7-லிருந்து சாவிகளின் வரிசை மொழியின் உறுதிமொழியாகவே ஆனது. இத்தனை மாறியும், கெட்ஐட்டம் தருவது இரவல் என்ற விதி மட்டும் மாறவில்லை.

அதையும் காலம் சரிசெய்யத் தொடங்கியிருக்கிறது. 2024 அக்டோபரில் வந்த 3.13, பல த்ரெட்கள் உண்மையிலேயே ஒரே நேரத்தில் ஓடும் ஒரு சோதனை வடிவத்தையும் கொண்டுவந்தது. அங்கே நாம் இரவல் வாங்கி இன்க்ரெஃப் செய்வதற்குள் இன்னொரு த்ரெட் அந்தப் பொருளை நீக்கிவிடலாம்; என் இரண்டு வரி மருந்து போதாது. அதனால் 'கெட்ஐட்டம்ரெஃப்' வந்தது. அது மதிப்பை நம் சொந்தமாகவே தருகிறது. கிடைத்தால் 1, இல்லாவிட்டால் 0, பிழை என்றால் -1. மூன்று நிலைக்கு மூன்று பதில்.

பழைய சி கோடு வைத்திருக்கும் பிள்ளைகளே, இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கெட்ஐட்டம் வருகிற இடங்களைத் தேடி எடுங்கள். ஒவ்வொன்றிலும் வந்த பொருள் யார் பிடியில் இருக்கிறது, நல் வந்தால் அதன் காரணத்தைக் கேட்டிருக்கிறோமா என்று பாருங்கள். முடிந்த இடத்திலெல்லாம் கெட்ஐட்டம்ரெஃப்-க்கு மாறுங்கள். 3.13-க்கு முந்தைய பதிப்பில் இருக்கிறவர்களுக்கும் 'பைத்தான்சிஏபிஐ-கம்பாட்' என்ற ஹெடர் ஃபைல் அதைத் தருகிறது. அதைச் சேர்த்துக்கொண்டால் போதும்.