ராவுகோல்

எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு கொடுவா இழுத்த இழுப்பில் என் தூண்டில்கோல் ஒடியவில்லை, பிடி சுழன்றுவிட்டது. வளையங்கள் ஒரு பக்கம் பார்க்க, ரீல் இன்னொரு பக்கம் சாய்ந்து தொங்கியது. மீன் போயே போயிற்று. பக்கத்தில் நின்ற நண்பர், தன் கூடையில் இரண்டு கிடக்கிற தெம்பில், "எம்.கே.பி. நகர்ல ஒருத்தர் தக்கைப் பிடி போடறார், கொண்டு போய்க் குடு" என்றார்.

வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோவில் ஏறினேன். ஏதோ வேகத்தில் முழுப் பெயராக "மகாகவி பாரதி நகர்" என்றேன். "அது எங்க சார் கீது?" என்றார் ஆட்டோக்காரர். எம்.கே.பி. என்றதும் வண்டி கிளம்பியது.

ஹவுசிங் போர்டு வீட்டின் தரைத்தள வராந்தா. கம்பித் தடுப்புக்குள் ஒரு மேசை, அதில் படுக்கவைத்து இறுக்கிய டிரில் மிஷின், சுவரோரம் சாத்திய பத்துப் பன்னிரண்டு கோல்கள். கடல் இங்கிருந்து தெரியாது, வாடையும் வராது. பிடி போடுபவருக்கு அறுபதை ஒட்டிய வயது. அப்பா பின்னி மில்லில் நூல் பிரிவு. 1996இல் மில் மூடியபோது இவர் லேத் பட்டறையில் டர்னர். பட்டறையும் ஒருநாள் மூடியது. காசிமேட்டுக் கல் மேல் தூண்டில் போடும் பையன் ஒருவன் ஒடிந்த கோலைக் கொண்டுவந்ததில் ஆரம்பித்த வேலையாம்.

என் கோலை வாங்கி, பிடியைக் கத்தியால் நெடுக்காகக் கீறிப் பிரித்தார். உள்ளே ஊறிப்போன காகிதம் மாதிரி ஏதோ. "டேப்பு சார். வெறும் டேப்பு."

கோல் ஒல்லி, ரீல் உட்காரும் குழாய் அகலம். அந்த இடைவெளியை மாஸ்கிங் டேப் சுற்றி அடைப்பது வழக்கம். ஆனால் இடைவெளி விட்டுவிட்டு, தனித்தனி வளையமாகச் சுற்ற வேண்டும். நடுவில் இறங்கும் பசைதான் கோலையும் குழாயையும் நேராகக் கவ்வும். கம்பெனியில் அவசரத்துக்கு முழுக்கச் சுற்றிவிட்டார்கள். பசை டேப்பைத்தான் பிடித்தது, கோலைப் பிடிக்கவில்லை. உப்புத் தண்ணீர் ஏறியதும் டேப் கூழாயிற்று. கொடுவாவைத் திட்டிப் பயனில்லை.

தக்கை வளையங்களை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருக்கிறார். அரை அங்குல கனம், நடுவில் ஓட்டை, கிட்டத்தட்ட ஓமப்பொடி நிறம். நம் பாஷையில் தக்கை என்றால் வலையில் மிதப்பதும் அதுதான், சீசாவை அடைப்பதும் அதுதான். இது இரண்டாவது சாதி. உலகத் தக்கையில் பாதி போர்ச்சுகலில் விளைகிறது. ஓக் மரத்தில் ஒரு வகை. முதல் பட்டையை உரிக்க 25 வருஷம் போலக் காத்திருக்க வேண்டும், அப்புறம் 9 வருஷத்துக்கு ஒருமுறை. மரத்தை வெட்டுவதில்லை. உரித்த வருஷத்தின் கடைசி எண்ணை அடிமரத்தில் பெயின்டில் எழுதிவிடுகிறார்கள். ராபர்ட் ஹூக் 1665இல் 'செல்' என்று பெயர் வைத்தது இந்தப் பட்டையின் சீவலைப் பார்த்துத்தான். பள்ளிக்கூடத்தில் படித்ததை வராந்தாவில் வைத்துத் தொட்டுப் பார்த்தேன். அறை அறையாகக் காற்று அடைபட்டிருப்பதால் கனமில்லை, நனைந்தாலும் வழுக்காது, நுனியில் மீன் முகர்ந்தால்கூட உள்ளங்கைக்குச் சேதி வந்துவிடும்.

இனி தலைப்பில் சொன்ன கருவி. மேசைக் கால் ஓரம் சணல் கயிற்றில் தொங்கியது. யாரோ முறித்துக் கொடுத்த கோலின் அடித்துண்டு, மூன்றடி இருக்கும். அதன்மேல் உப்புத்தாள் பட்டையைச் சாய்வாகச் சுற்றி ஒட்டியிருந்தார். ராவுகோல் என்றார். தூண்டில்கோல் அடியில் பருத்து நுனிக்குச் சிறுக்கும். வளையத்தின் ஓட்டையோ எல்லாம் ஒரே அளவு. ஆகவே ஒவ்வொரு வளையத்தையும் அதன் இடத்துக்கு ஏற்ற அளவில் ராவ வேண்டும். உருண்டை அரம் ஓட்டையை முட்டை வடிவமாக்கிவிடும். ராவுகோல் தானும் ஒரு கோல் என்பதால் அதே சாய்வில் தின்கிறது. நாலு சுற்று, எடுத்துக் கோலில் மாட்டிப் பார்ப்பு, மறுபடி இரண்டு சுற்று. "தள்ளினா போகணும், வுட்டா நிக்கணும்" என்பது கணக்கு. என்னிடம் ஒன்று கொடுத்தார். ஐந்தாவது சுற்றில் பொருபொருவென்று உடைத்தேன். அவர் முகம் மாறவில்லை. துண்டுகளை மட்டும் பொறுக்கிப் பொடி டப்பாவில் போட்டுக்கொண்டார். பிடியில் விழும் பொத்தல்களைப் பசை கலந்து அடைக்க அந்தப் பொடிதான்.

ஒட்டுவது, நட்டு போட்டு நெருக்குவது, டிரில்லில் சுழலவிட்டு 80, 120, 220 என்று உப்புத்தாள் தேய்ப்பது எல்லாம் மறுநாள், நானும் போயிருந்தேன். நரம்பு ஓடும் வளையங்களுக்கு நூல் கட்டும் வேலையில் ஒரு மணி நேரம் போனது. நான் தெருவில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

காசுக் கதை கேட்டிருக்க வேண்டாம். கோல் பெரும்பாலும் கடை வழியாக வருகிறது. கடை வாங்குவது தொள்ளாயிரம், இவருக்கு இருநூற்றைம்பது. பிடிக்கு மேலே ஒட்டும் ஸ்டிக்கரில் கடையின் பெயர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெய்தவன் கந்தலோடு நிற்பதிலிருந்து ஆரம்பித்து ஒரு கூட்டமே பேசி முடித்தேன். அவர் பசை கலக்கிக்கொண்டே கேட்டார்: "கடைக்காரன் இல்லாங்காட்டி, கோலுக்குப் பிடி போட ஆள் இந்தத் தெருவுல கீறான்னு யாருக்கு சார் தெரியும்?" பதில் இல்லை. ஆனாலும் தொள்ளாயிரத்தில் இருநூற்றைம்பது நியாயம் என்று இன்றைக்கும் என்னால் ஒப்ப முடியவில்லை.

அடிப்பகுதிக்கு வந்தபோது, "கைய மடக்குங்க சார்" என்றார். ரீலைப் பிடித்தபடி முழங்கையை மடக்கவைத்து, அதைத் தாண்டி இரண்டு விரல்கடை விட்டுப் பென்சிலால் கோடு போட்டார். நீளமாக இருந்தால் சட்டையில் மாட்டும், குட்டையாக இருந்தால் மணிக்கட்டு நோகும். கடைக்கோடியில் மட்டும் துகள் தக்கை இரண்டு வளையம்; திருவொற்றியூர்த் தூண்டில் வளைவுகளில் கல் இடுக்கில் செருகி நிறுத்துவோம், நல்ல தக்கை தாங்காது. அலையைத் தடுக்கக் கொட்டிய கல்லுக்குத் தூண்டில் வளைவு என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ.

அதற்கும் கீழே ரப்பர் மூடி, ஊன்றுகோலுக்குப் போடுவது. பசை தடவி அழுத்தினால் உள்ளே அடைபட்ட காற்று மூடியை மெல்ல வெளியே தள்ளிவிடும். அவர் ஓரமாக ஒரு நரம்புத் துண்டைச் செருகி மூடியை ஏற்றினார். புஸ்ஸென்று காற்று போனதும் நரம்பை உருவிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து வாங்கப் போனேன். பிடிக்குள் என்னவோ எழுதினீர்களே என்று கேட்டேன். வளையம் ஏற்றுமுன் கோலில் பென்சிலால் வருஷத்தின் கடைசி எண்ணைக் குறித்துவைப்பாராம். திரும்ப வந்து பிரித்தால், எத்தனை வருஷம் தாங்கியது என்று தெரியும். போர்ச்சுகல் மரத்தைப் பற்றிச் சொன்னேன். "அப்டியா?" என்றவர், பசை காய இன்னும் ஒருநாள் இருக்கிறது, இன்று ராத்திரியே எண்ணூருக்குப் போய்விடாதீர்கள் என்றார்.